தம்பியின் ஊசிக்கு ஒரு சட்டம்

என் தம்பிக்கு நான்கு கிழமைக்கு ஒருமுறை ஓர் ஊசி போடவேண்டும். புளூபெனசின் டெகனோவேட் என்று அதற்குப் பெயர். எண்ணெயில் கரைத்த மருந்து. புட்டத்துத் தசையில் ஏற்றினால் அங்கேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கும். ஒரு தடவை போட்டால் இரண்டு முதல் நான்கு கிழமை வரை தாங்கும். நாள்தோறும் குளிசையை விழுங்கினானா, நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் துப்பினானா என்று வீட்டார் காவல் இருக்கத் தேவையில்லை. சிலருக்குக் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். அதற்குப் பென்செக்சோல் குளிசை கொடுப்பார்கள். பழைய மருந்து, விலையும் குறைவு. எங்கள் இலங்கை நாட்டு அரசாங்க ஆசுபத்திரிகளில் காசில்லாமல் போடுகிறார்கள்.

இந்த ஊசி தவறாமல் கிடைக்கும் காலத்தில் தம்பி வலை பின்னுவான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான். கோவில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் வேலை முழுக்க அவன் பொறுப்பு. ஊசி தவறினால் முதலில் நித்திரை போகும். பிறகு குளிப்பது நிற்கும். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற குரல்கள் வந்து அவனை ஏசத் தொடங்கும். அந்த ஏச்சுக்கு அவன் மறுமொழி சொல்லுவதை வேலிக்கு வெளியே போகிறவர்கள் கேட்டுவிட்டு, "ரீச்சரின்ர தம்பிக்குத் திரும்ப விசர்" என்று பேசிக்கொண்டு போவார்கள்.

சட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்த நான் ஊசியில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. மனநோயாளருக்கான சட்டம் என்றால் நீதிமன்றம், பூட்டிய அறை, கையெழுத்து என்றுதான் சனம் நினைக்கிறது. நான் கேட்பது வேறு. எங்கோ ஒரு மருந்துக் களஞ்சியத்தில் இருக்கும் ஊசி மருந்து, வெருகலில் இருக்கும் ஒருவனின் உடம்புக்கு மாதாமாதம் வந்து சேரவேண்டும் என்பது யாருக்காவது சட்டப்படியான கடமையா? அது வராவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்கலாம்?

வெருகல் திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லை. மகாவலியின் கிளையான வெருகல் ஆறு இந்தப் பக்கத்தில்தான் கடலோடு சேர்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மட்டக்களப்பு மாவட்டம். கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோவில். ஈச்சிலம்பற்று, பூநகர், இலங்கைத்துறை, வட்டவன், மாவடிச்சேனை என்று வயலையும் சேனையையும் களப்பையும் கடலையும் நம்பிப் பிழைக்கிற ஊர்கள். இப்போது ஆற்றுக்குப் பாலம் இருக்கிறது. நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் ஆற்றைக் கடந்தோம். திருகோணமலைக்குப் போவதானால் மூதூருக்குப் போய், அங்கிருந்து லோஞ்சில் குடாவைக் கடக்கவேண்டும்; கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009இல்தான். மாரியில் மகாவலி பெருகினால் இன்றைக்கும் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடும், பஸ் நிற்கும். நாள் குறித்துப் போடவேண்டிய ஊசிக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

தம்பிக்கு நோய் தொடங்கியது 90களின் நடுப்பகுதியில், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது. ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்த வயதை ஒட்டித்தான் அது வருகிறது. மனச்சிதைவு, வைத்தியர்கள் சொல்லும் பெயர் ஸ்கிசோபிரினியா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகத்தில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர். அப்படிப் பார்த்தால் பத்தாயிரம் சனம் உள்ள ஒரு பிரதேசத்தில் முப்பது பேர்வரை இருப்பார்கள். எங்கள் அம்மா அதைச் செய்வினை என்று நினைத்தார். மந்திரித்தோம், நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம். ஆசுபத்திரி என்ற பேச்சு வந்தபோது எல்லோர் வாயிலும் வந்த ஒரே ஊர் அங்கொடை. கொழும்புக்குப் பக்கத்தில், நாடு முழுவதற்கும் மனநோய்க்கென்று இருந்த பெரிய ஆசுபத்திரி. ஆனால் அது யுத்த காலம். வழிநெடுகச் சோதனைச் சாவடி. தனக்குள்ளே பேசிக்கொண்டு வருகிற ஒரு தமிழ் இளைஞனை அத்தனை சாவடிகளுக்குள்ளால் கூட்டிக்கொண்டு போக அம்மா துணியவில்லை. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

2006இல் மாவிலாறு மதகில் தொடங்கிய சண்டை எங்களை ஊரைவிட்டு எழுப்பியது. ஈச்சிலம்பற்றுச் சனம் ஆற்றைக் கடந்து வாகரைக்குப் போனது. அங்கேயும் ஷெல் விழுந்தது. காட்டு வழியால் நடந்து மட்டக்களப்புப் பக்கத்து முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான், தரப்பாள் கூடாரத்துக்கு வெளியே, தம்பிக்கு முதல் வைத்தியம் நடந்தது. முகாமைப் பார்க்க வந்த குழுவில் ஒரு தாதி அவனுக்கு முன்னால் குந்தியிருந்து, எங்களிடம் ஒன்றும் கேட்காமல் அவனிடமே கேட்டார்: "தம்பி, இரவில நித்திரை வருதா?" அவன் "இல்லை மிஸ்ஸி, அவங்க விடுறாங்க இல்ல" என்றான். யார் அவர்கள் என்று அவர் கேட்க, எங்கள் ஒருவருக்கும் அதுவரை சொல்லாததையெல்லாம் அவன் சொன்னான். அந்தக் கிழமையே மருந்து தொடங்கியது. முகாம் வாழ்க்கை முழுக்க ஊசி ஒழுங்காகக் கிடைத்தது.

அது தற்செயலாக நடந்ததல்ல. மகேசன் கணேசன் என்ற உளமருத்துவர் 2000ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்தார். மனநலத்துக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத மாவட்டத்தில், அடியிலிருந்து ஒரு சேவையைக் கட்டியெழுப்பியதைப் பின்னாளில், 2011இல், ஒரு கட்டுரையாகவும் எழுதியிருக்கிறார். நோயாளி பெரிய ஆசுபத்திரியைத் தேடி வரட்டும் என்று இராமல் சேவை ஊர்ப்பக்கம் போகவேண்டும், உளமருத்துவர்கள் போதாத நாட்டில் மற்ற உத்தியோகத்தர்களையும் தொண்டர்களையும் பழக்கி எடுக்கவேண்டும் என்பதுதான் அந்த வழி. வடக்கில் தயா சோமசுந்தரம், சிவயோகன் போன்ற உளமருத்துவர்கள் யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் யுத்தத்துக்கு நடுவே இதே நோக்கோடு வேலை செய்தார்கள். இவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். அதேவேளை ஒரு கவலையும் வருகிறது. ஒரு மாவட்டத்துக்கு அப்படிப்பட்ட ஒரு மனிதர் வாய்த்தால் நோயாளி பிழைக்கிறான், வாய்க்காவிட்டால் இல்லை என்று ஒரு நாடு இருக்கலாமா?

எங்களுக்கு நடந்தது இதுதான். 2007இல் மீள்குடியேற்றம். வீடு இருந்த காணிக்குத் திரும்பி வந்தோம். கூரைத் தகரம் கிடைத்தது, உலர் உணவு கிடைத்தது, விதைநெல் கிடைத்தது. முகாமில் கிடைத்த ஊசி மட்டும் கிடைக்கவில்லை. ஆறுதான் மாவட்ட எல்லை. அந்தப் பக்கத்துக் கிளினிக் கொப்பியோடு இந்தப் பக்கத்தில் எங்கே போவது என்று சொல்ல ஆள் இல்லை. அகதியாக இருந்தபோது கிடைத்த வைத்தியம் சொந்த வீட்டுக்கு வந்தபிறகு நின்றுபோனது.

சில மாதங்களில் அவன் முற்றாக உடைந்தான். ஒரு விடியற்காலை, ஆற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று தண்ணீர் எடுக்க வந்த பெண்களைக் கத்தித் துரத்தினான். ஒருவர் பயத்தில் விழுந்து கை முறிந்தது. பொலிஸ் ஜீப் வந்தது. வந்த உத்தியோகத்தர் கெட்டவர் அல்ல. கைகளைக் கட்டும்போது துவாயைச் சுற்றித்தான் கட்டினார், "அக்கா, எங்களுக்கு வேற வழி இல்ல" என்று என்னிடம் சொன்னார். தம்பி கட்டிய கைகளோடு ஜீப்பில் ஏறியதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு அவனிடம் கணக்குப் படிக்கப் பிள்ளைகள் திரும்பி வர வெகுகாலம் எடுத்தது.

அந்த உத்தியோகத்தர் சொன்ன 'வேறு வழி இல்லை' என்ற சொல் என்னை விடவில்லை. சட்டத்தைத் தேடி வாசித்தேன். எங்கள் நாட்டில் மனநோயாளரின் சிகிச்சைக்கான அடிப்படைச் சட்டம் 1873ஆம் ஆண்டில், பிரித்தானியர் காலத்தில் எழுதியது. பைத்தியம் பற்றிய கட்டளைச்சட்டம் என்றுதான் அப்போது அதற்குப் பெயர். 1956இல் திருத்தி, மனநோய்கள் கட்டளைச்சட்டம் என்று பெயரை மாற்றினார்கள். தாமாக வந்து சேர விரும்புவோரையும் தற்காலிக நோயாளரையும் அந்தத் திருத்தம்தான் உள்ளே சேர்த்தது. ஆனால் உடம்பு பழைய உடம்புதான். ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று தகவல் வந்தால் மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கலாம், வைத்தியரின் சாட்சியம் கேட்கலாம், மனநோய் ஆசுபத்திரிக்கு அனுப்பலாம். எப்படிக் கொண்டுபோவது, எப்படி வைத்திருப்பது, எப்படி விடுவது, அவரின் சொத்தை யார் பார்ப்பது. இவ்வளவுதான் அதன் கவலை.

அதை எழுதியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1873இல் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. குளோர்புரோமசின் என்ற முதல் மருந்து 1952இல்தான் பாவனைக்கு வந்தது. மருந்தில்லாத காலத்துக்குச் சுவர் ஒன்றுதான் தெரிந்தது. ஆனால் மருந்து வந்து, ஊசி வந்து, வீட்டில் இருந்தபடியே வாழலாம் என்ற நிலைமை வந்து இத்தனை தலைமுறை ஆனபிறகும் எங்கள் சட்டத்தில் வீடு இல்லை, ஊர் இல்லை, கிளினிக் இல்லை. ஆளைக் கொண்டுபோகத் தெரிந்த சட்டத்துக்கு மருந்தைக் கொண்டுவரத் தெரியாது.

சட்டம் மாறவில்லையே தவிர, நாடு சும்மா இருந்தது என்று சொல்லமுடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 அக்டோபரில், அமைச்சரவை ஒரு தேசிய மனநலக் கொள்கையை ஏற்றது. நல்ல கொள்கை. சேவையைக் கொழும்பைச் சுற்றியே வைத்திராமல் மாவட்டங்களுக்குப் பரப்பவேண்டும், ஒவ்வொரு மாவட்டத்திலும் அவசர சிகிச்சைப் பிரிவு வேண்டும், சமூகத்தில் வைத்தே பராமரிக்கவேண்டும், அதற்கேற்பப் புதிய சட்டம் ஒன்று வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. மனநலத்துக்கான வைத்திய அதிகாரிகள், சமூக உளமருத்துவத் தாதிகள், சமூக சேவை உத்தியோகத்தர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். அங்கொடை ஆசுபத்திரி 2008இல் தேசிய மனநல நிறுவகம் ஆனது. எங்கள் பக்கத்துக்கும் கிளினிக் வந்தது. இப்போது தம்பி தன் கொப்பியைத் தானே எடுத்துக்கொண்டு போகிறான். கிளினிக் நாளுக்கு முதல்நாள் தாதி எடுத்து, "ரீச்சர், நாளைக்கு மறந்திராதீங்க" என்று சொல்லுவார். அந்தக் கோலுக்கு நான் காத்திருப்பேன்.

புதிய சட்டம் மட்டும் வரவில்லை. வரைவு எழுதினார்கள், கருத்துக் கேட்டார்கள், திருத்தினார்கள். பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. கொள்கை இருக்கிறதே, சட்டம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் 2022ஐ நினைவுபடுத்துவேன். நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம். வாகனம் ஓடவில்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. கிளினிக் வராத மாதங்கள் இருந்தன. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் எந்த வேலையை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது என்று ஒரு காரியாலயம் தீர்மானிக்கிற நேரத்தில், சட்டத்தில் கடமை என்று எழுதியிருப்பது நிற்கும், கொள்கையில் நல்லது என்று எழுதியிருப்பது தள்ளிப்போகும். வெருகலில் இருக்கிற முப்பது குடும்பங்கள் சத்தம் போட்டால் எங்கே கேட்கப்போகிறது?

கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். அதற்கு ஒரு பெரிய கொடுமை நடக்கவேண்டியிருந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி இருந்த மனநோயாளர் விடுதிகளில் ஒன்று தீப்பற்றியது. நோயாளிகள் சங்கிலியில் இருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பேன். அவர்களும் எங்கள் அம்மாவைப் போல நேர்த்தி வைத்தவர்கள்தான். பக்கத்தில் ஒரு கிளினிக் இருந்திருந்தால் எத்தனை பேர் ஏர்வாடிக்குப் போயிருப்பார்கள்?

உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்தது. அங்கே 1912இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1987இல் இன்னொரு சட்டமும் ஏற்கெனவே வந்திருந்தன. அந்த 1987 சட்டத்தின் இடத்துக்கு 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எந்த விதத்தில் சங்கிலியில் கட்டுவதையும் அது தடை செய்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் 18ஆம் பிரிவு. மனநோய் உள்ள எவரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் போகவேண்டிய நிலைமை இருக்கக்கூடாது, சேவை அவர் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிடைக்கவேண்டும் என்று அது அரசாங்கத்துக்குச் சொல்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரச சேவை இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் அந்த மாவட்டத்தில் வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசாங்கம் ஏற்கவேண்டும். குடும்பத்தோடும் சமூகத்தோடும் வாழ்வதற்கு உதவும் முறையில்தான் சிகிச்சை இருக்கவேண்டும். 19ஆம் பிரிவு, சமூகத்தில் வாழ்வதை உரிமை என்றே எழுதியிருக்கிறது. வேறு இடமில்லை என்பதற்காக ஒருவரை ஆசுபத்திரியிலேயே வைத்திருக்கக்கூடாது. நெடுந்தூரம் என்ற அந்த வரியை வாசித்தபோது பாதையும் லோஞ்சும் வெள்ளமும் எனக்கு முன்னால் வந்தன. சட்டத்தில் எழுதியதெல்லாம் அங்கே எல்லா ஊரிலும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்காத இடங்கள் நிறைய. ஆனாலும் நடக்காதபோது அந்த வரியைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். எங்களுக்கு எடுத்துப்போக ஒரு வரியும் இல்லை.

அந்தச் சட்டத்தில் இன்னொன்று. தெளிவாக இருக்கிற காலத்திலேயே ஒருவர், தனக்கு நோய் முற்றினால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். இதைத் தம்பிக்கு விளங்கப்படுத்தி, நீ எழுதுவதாக இருந்தால் என்ன எழுதுவாய் என்று கேட்டேன். அவன் வலையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தான். "ஊசி போடட்டும். கையைக் கட்ட வேணாம். இரவில லைட்ட அணைக்க வேணாம்" என்றான். உனக்காகப் பேச யாரை வைப்பாய் என்றதும் பக்கத்து வளவில் இருக்கிற மீன்பிடிக்காரப் பொடியனின் பெயரைச் சொன்னான். என் பெயரைச் சொல்வான் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். "நீங்க அழுவீங்க அக்கா. அவன் அழமாட்டான், கேட்டதச் சொல்லுவான்." பைத்தியம் என்று ஊர் சொல்லும் என் தம்பி, தனக்கு வேண்டியதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னான். எந்தச் சட்ட வரைவுக் குழுவும் இதுவரை அவனிடம் கேட்டதில்லை.

சமூகத்தில் வைத்துச் சிகிச்சை என்றதும் உலகத்தில் இன்னொரு பெரிய விவாதம் எழுகிறது. வீட்டில் இருக்கிறவர் மருந்து வேண்டாம் என்றால்? நியூயோர்க்கில் 1999 ஜனவரியில் கென்ட்ரா வெப்டேல் என்ற இளம்பெண்ணை, மனச்சிதைவு நோயுள்ள ஒருவர் சுரங்க ரயிலுக்கு முன்னால் தள்ளிவிட்டார். அந்த வருடமே கென்ட்ராவின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட நோயாளர்கள் வெளியே வாழ்ந்தபடி சிகிச்சையைத் தொடரவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட அது இடம் கொடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007இல் செய்த திருத்தத்தின்படி, 2008 நவம்பர் முதல், சமூகச் சிகிச்சைக் கட்டளைகள் நடைமுறைக்கு வந்தன. நிபந்தனையை மீறினால் திரும்ப ஆசுபத்திரிக்கு அழைக்கலாம்.

கை முறிந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான் போய் நின்றவள். ஆகவே கட்டாயம் வேண்டும் என்று கேட்கிற தாய்மாரை என்னால் பழிக்கமுடியாது. ஆனால் அந்தக் கட்டளைகள் வேலை செய்தனவா என்று பார்த்தார்கள். இங்கிலாந்தில் டொம் பேர்ண்ஸ் என்ற பேராசிரியரின் குழு 333 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியை இந்தக் கட்டளையின் கீழ் அனுப்பினார்கள். மற்றப் பாதியைப் பழைய முறையில், குறுகிய கால விடுப்பில் அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் திரும்ப ஆசுபத்திரிக்கு வந்தவர்கள் இரண்டு பக்கத்திலும் 36 சதவீதம். 2013இல் லான்செட் இதழில் அந்த முடிவு வெளிவந்தது. கட்டாயத்தை நீட்டியதால் அந்தக் கணக்கு மாறவில்லை. நியூயோர்க்கில் நல்ல பலன் கண்டதாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே கட்டளையோடு சேர்த்துச் சேவைக்குப் பெரும் பணமும் ஒதுக்கினார்கள். ரயிலுக்கு முன்னால் தள்ளிய அந்த மனிதரே, அதற்கு முன் பல தடவை தானாக உதவி தேடி ஆசுபத்திரிகளுக்குப் போனவர். அவர் சிகிச்சையை மறுத்து ஓடியவர் அல்ல. கேட்டும் போதிய அளவு கிடைக்காதவர்.

எங்கள் ஊர்க் கணக்கும் இதுதான். தம்பி ஊசியை மறுத்த மாதம் ஒன்றிரண்டு. ஊசி அவனை வந்து சேராத மாதங்கள் அதைவிட அதிகம். கிளினிக்கே வராத ஊரில் ஒருவனுக்குக் கட்டாயச் சிகிச்சைக் கட்டளை கொடுத்தால், அவன் எதற்குக் கீழ்ப்படிவது?

ஆசுபத்திரிகளை மூடிவிட்டு ஊருக்கு அனுப்பினால் எல்லாம் சரி என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் கென்னடி 1963 அக்டோபரில், இறப்பதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னர், சமூக மனநல நிலையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். 1,500 நிலையங்கள் என்பது நினைப்பு. பாதியளவுதான் கட்டினார்கள். ஆசுபத்திரிகள் மட்டும் வெறுமையாகிக்கொண்டு போயின. பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். இத்தாலியில் 1978 மே மாதம், பிராங்கோ பசாலியாவின் முயற்சியால், மனநோய் ஆசுபத்திரிகளுக்குப் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தும் சட்டம் வந்தது. அவர் வேலை செய்த திரியெஸ்தே நகரில், இரவும் பகலும் திறந்திருக்கும் நிலையங்களை அயலுக்குள்ளேயே அமைத்திருந்தார்கள். அதனால் அங்கே அது நின்று பிடித்தது. மாற்று இடம் தயாராகாத பகுதிகளில் பாரம் முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

குடும்பம் என்றால் எங்கள் நாட்டுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. நான்சி வாக்ஸ்லர் என்ற ஆய்வாளர் இலங்கையில் மனச்சிதைவு நோயாளரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து, பணக்கார நாடுகளில் இருப்பவர்களைவிட இவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று 1979இல் எழுதினார். குடும்பம் கைவிடாததும், நோய் மாறிவிடும் என்று நம்பி அவர்களை மறுபடி வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்துக்கொள்வதும் காரணம் என்றார். அது எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் யார்? பெரும்பாலும் ஒரு அம்மா, அவருக்குப் பிறகு ஒரு அக்கா. மற்றவர்கள் கல்யாணம் முடித்தோ, கத்தாருக்கும் கனடாவுக்குமோ போய்விடுகிறார்கள். என் பென்சனில் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். எனக்கும் வயது போகிறது. அக்கா இல்லாத ஒரு மாதத்தில் கிளினிக் நாள் வந்தால் அவனை யார் தேடி வருவார்கள் என்பதுதான் இரவில் என்னை எழுப்புகிற கேள்வி.

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சாசனத்தில் இலங்கை 2007இல் கையெழுத்திட்டது, 2016 பெப்ரவரியில் உறுதி செய்தது. நீண்டகால மனநோய் உள்ளவர்களும் அதற்குள் அடக்கம். மற்றவர்களைப் போலச் சமூகத்தில் வாழும் உரிமையும், அதற்கு வேண்டிய உதவியை வீட்டிலும் ஊரிலும் பெறும் உரிமையும் அதன் 19ஆம் உறுப்புரையில் இருக்கின்றன. ஆகவே நாங்கள் கேட்பது பிச்சை அல்ல, நாடு ஏற்கெனவே கொடுத்த வாக்கு.

அந்த வாக்கைச் சட்டமாக எழுதும்போது வெருகலையும் நினைத்து எழுதுங்கள் என்று கேட்கிறேன். ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் மாதம் ஒரு கிளினிக் என்பதைக் கடமையாக்குங்கள். வெள்ளம் வந்தாலும் எரிபொருள் இல்லாவிட்டாலும் நிறுத்தக்கூடாத சேவைகளின் வரிசையில் அதையும் வையுங்கள். ஒருவர் கிளினிக்குக்கு வராவிட்டால் அடுத்த சில நாளைக்குள் தாதியோ உத்தியோகத்தரோ வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். வீட்டில் யாரும் இல்லாதவருக்கு இது இரட்டிப்பாக வேண்டும். மாவட்டம் மாறினாலும், இடம்பெயர்ந்தாலும் கொப்பியோடு சிகிச்சையும் கூடவே போகவேண்டும். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுபோகும் அவசரம் வந்தால் ஜீப் வேண்டாம், அம்புலன்ஸ் வரட்டும். காரணத்தை அவருடைய மொழியில் சொல்லட்டும். குறித்த நாளுக்குள் ஒரு சுயாதீனச் சபை அதைப் பரிசீலிக்கட்டும். அந்தச் சபையில் இந்த நோயோடு வாழ்ந்த ஒருவருக்கும் ஆசனம் இருக்கட்டும். பராமரிக்கிறவருக்கு ஒரு கொடுப்பனவு. கட்டாயம் என்ற சொல் அந்தச் சட்டத்தில் எத்தனை தடவை வந்தாலும், அதில் பெரும் பகுதி அரசாங்கத்தை நோக்கியதாக இருக்கட்டும். என் தம்பியைக் கட்டும் வரிகள் 1873இலிருந்தே இருக்கின்றன.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நித்திரை கெடுவது, சந்தேகம் கூடுவது, தனியே பேசுவது தொடங்கினால் செய்வினை கழிக்கிற நாளிலேயே ஆசுபத்திரிக்கும் போங்கள். இரண்டையும் செய்யலாம், கோவிலைக் கைவிடத் தேவையில்லை. பக்கத்துப் பிரதேச ஆசுபத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். அங்கே இல்லாவிட்டால் தள வைத்தியசாலையிலோ மாவட்ட வைத்தியசாலையிலோ இருக்கும். போகமுடியாத நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கத்துக்கு எடுக்கலாம். முதலில் கொடுக்கிற மருந்து உடம்பை விறைக்கச் செய்தால் நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், அதற்கு மாற்று இருக்கிறது. குளோசபின் என்ற குளிசை தொடங்கினால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடவேண்டாம். கிளினிக் கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, வெள்ளம் வந்தால் அடையாள அட்டையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். வேறு மாவட்டத்துக்குப் போவதானால் மருந்தின் பெயர், அளவு, கடைசியாக ஊசி போட்ட திகதி மூன்றையும் அந்தக் கொப்பியில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.